மரம் மட்டும் வீட்டுக்கு வரலாம்

இரும்பு வராது.
அது சுவா சூ காங்கில், கிளப்பின் ஆயுத அறையில்,
எண் ஒட்டிய பெட்டிக்குள் கிடக்கும்.
பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு
ஒற்றைத் திருகைக் கழற்றினால்
இரண்டு மரத்துண்டுகள் மட்டும் என்னோடு புறப்படும்,
டிபன் டப்பாவுக்குள், டிஷ்யூ சுற்றி,
ஆறிப்போன மீன் வறுவலைப் போல.

வால்நட். கோ என்பவருடையது.
அவர் கிளப்பை விட்டபோது பாதி விலைக்கு வந்தது.
பெரிய கை அவருக்கு.
அவர் விரலுக்கு வெட்டிய பள்ளங்களில்
என் விரல்கள் எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றன,
இரவல் செருப்பில் கல்யாணத்துக்குப் போனவள் மாதிரி.
ஒவ்வொரு தோட்டாவுக்கும்
கட்டைவிரல் கணுவில் ஒரு குட்டு.
வட்டத்தைத் தவறவிட்ட நாளெல்லாம்
கோவைத்தான் திட்டினேன்.

யீஷூனில் ஒன்பதாவது மாடி.
சமையலறைத் தரையில் நேற்றைய நாளிதழ் விரித்து
உட்கார்ந்தால்
குணசேகர் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்துவார்,
தூள் குழம்பில் விழும் என்று.
எண்பதாம் நம்பர் உப்புத்தாள்,
பிறகு நூற்றிருபது,
பிறகு வியர்வை.

உள்ளங்கையில் லிப்ஸ்டிக் பூசி
மரத்தை இறுகப் பிடித்து விடுவேன்.
சிவப்பு ஒட்டிய இடம் மேடு.
மேட்டைத் தேய்ப்பேன்.
மறுபடி பூசி, மறுபடி பிடித்து, மறுபடி.
"பன்னிரண்டு வெள்ளி லிப்ஸ்டிக்," என்பார் அவர்.
உதட்டில் போட்டால் மட்டும் மிஞ்சவா போகிறது?

மூன்றாம் வாரம்தான் பார்த்தேன்,
திருகு மறைக்கும் உள்பக்கத்தில்
பென்சிலில் ஓர் அம்புக்குறி: 2 மி.மீ.
கோவின் எழுத்து.
அந்தப் பெரிய கைக்கும் இது பெரிதாய் இருந்திருக்கிறது.
அந்த இரண்டு மில்லிமீட்டரை
அவர் எடுத்தாரா, எடுக்காமலே போனாரா?
விரலால் தடவினால் தெரியவில்லை.

அளவாகத்தான் தேய்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.
மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
இடப்பக்கத்தில் அதிகம் போய்விட்டது.
போன மரம் போனதுதான்.
பொடியையும் பசையையும் குழைத்து அப்பினேன்.
ஒட்டுப்போட்ட அந்த இடம்
விளக்கைப் போட்டதும் தனியாகத் தெரியும்.

சனிக்கிழமை காலை எம்.ஆர்.டி. வாசலில்
மேசை போட்டிருந்தார்கள். பையைத் திற என்றார்கள்.
"இது என்ன?"
கைப்பிடி.
"எதற்கு?"
சொன்னேன். கடிதத்தையும் அட்டையையும் நீட்டினேன்.
பின்னால் ஒரு அண்ட்டி தள்ளுவண்டியோடு
உச்சுக் கொட்டினாள்.

சீருடையில் நூர் ஹிதாயா என்றிருந்தது.
தாளை இரண்டு முறை படித்தாள்,
யாருக்கோ போன் செய்தாள்,
பிறகு நீலக் கையுறையைக் கழற்றிவிட்டு
இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்தாள்.
சின்னக் கை. என் கையைவிடச் சின்னது.
விரல்கள் போய் உட்கார்ந்தன,
சொந்த நாற்காலியில் உட்காருவதுபோல.

"எத்தனை நாள் ஆனது?"
நாலு மாதம்.
அவளுடைய மற்றக் கை இடுப்புக்குப் போய்
உறைக்கு மேல் நீட்டியிருந்த கறுப்பு ரப்பரைத் தொட்டது,
பல்வலிக்காரி கன்னத்தைத் தொடுவதுபோல, தெரியாமல்.
"இதைத் தேய்க்க முடியாது," என்றாள்,
"அரசாங்கத்துடையது.
கைதான் பழகவேண்டும்."

பழகியதா என்று கேட்கவில்லை.
அண்ட்டி மறுபடி உச்சுக் கொட்டினாள்.
டப்பாவை மூடிக் கொடுத்தபோது
அவள் உள்ளங்கையில் லேசாகச் சிவப்பு.
சொல்வதற்குள் கையுறையை மாட்டிவிட்டாள்.

அன்று இருபத்தைந்து மீட்டரில்
கட்டைவிரல் வலிக்கவில்லை.
மரம் கைக்குள் இருப்பதே தெரியவில்லை.
பத்தில் ஆறு, வட்டத்துக்கு வெளியே.
திட்டுவதற்கு ஆள் தேடினேன்.
கோவும் இல்லை.